‘கேஸ் இல்லாத’ வெல்டிங்கைக் கதவடைத்துச் செய்யலாமா?

கேமரன் மலையில் மழை பிடித்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எப்படி இருக்கும் என்று அங்கே வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மூன்று மணிக்கே மூடுபனி தேயிலைச் சரிவிலிருந்து ஏறி வீட்டு வாசலுக்கு வந்துவிடும். சன்னலைச் சாத்துவோம், கதவையும் சாத்துவோம். அப்படி ஒரு மத்தியானத்தில்தான், வீட்டுக்குப் பின்னால் இருந்த சாமான் அறையில் உட்கார்ந்து, புதிதாக வாங்கிய சின்ன வெல்டிங் இயந்திரத்தைக் கொண்டு அம்மாவுக்குப் பூச்சட்டி வைக்கும் அடுக்கு ஒன்றைச் செய்தேன். கேஸ் சிலிண்டர் வேண்டாத இயந்திரம் அது. இரும்புக்கும் செலவில்லை. காய்கறித் தோட்டத்தில் மழைக்கூடாரத்தைப் பிரித்தபோது மிஞ்சிய ஜி.ஐ. குழாய்கள் சும்மா கிடந்தன. இரண்டு மணி நேர வேலை. அடுக்கு நன்றாகவே வந்தது.

இரவு பத்து மணிக்கு உடம்பு நடுங்கத் தொடங்கியது. வாயில் செப்புக்காசை வைத்துச் சப்பியதுபோல் ஒரு ருசி. தாகம், தலைவலி, இருமல், கைகால் குடைச்சல், அப்புறம் காய்ச்சல். மழையில் நனைந்ததால் வந்தது என்று அம்மா கஷாயம் வைத்துக் கொடுத்தார். மறுநாள் மாலைக்குள் எல்லாம் தானாகவே விலகிவிட்டது. தேயிலைத் தொழிற்சாலையில் பல காலம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற பக்கத்து வீட்டு மாமாவிடம் இதைச் சொன்னேன். அவர் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்: “கதவத் தொறந்து வச்சிருந்தியாப்பா?”

தொழில்நுட்பம் படித்தவன் நான். அந்தக் கேள்வியை நானே என்னிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. இயந்திரத்தின் பெட்டியில் ‘கேஸ் இல்லை’ என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்ததும் அதற்கு ஒரு காரணம்.

கேஸ் வேண்டாத ஃபிளக்ஸ் கோர் வெல்டிங் மலைநாட்டுத் தோட்டப்புறத்துக்கு மிகவும் ஏற்றது என்பதே என் கருத்து. அதை யாரும் வாங்கக் கூடாது என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. ஆனால் அந்த முறை எதற்காக உருவானதோ, அதற்கு நேர் எதிராக நாம் அதைப் பயன்படுத்துகிறோம். காற்றடிக்கும் வெட்டவெளியில் செய்ய வேண்டிய வேலையை, குளிருக்கும் மழைக்கும் பயந்து நான்கு சுவருக்குள் கொண்டு போகிறோம். அதன் நன்மையை வெளியே விட்டுவிட்டு, தீமையை மட்டும் நம்மோடு அறைக்குள் பூட்டிக்கொள்கிறோம்.

கேஸ் எங்கே போனது?

இரும்பை இரும்போடு இணைக்க வேண்டுமானால் இரண்டையும் உருக்க வேண்டும். இரும்பு உருகும் வெப்பநிலை 1,538 பாகை செல்சியஸ். அந்த வெப்பத்தைத் தருவது மின்வில். ஆனால் உருகிய இரும்புக்கு ஒரு பலவீனம் உண்டு. சுற்றியுள்ள காற்றை அது சும்மா விடாது. காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன், 21 விழுக்காடு ஆக்சிஜன். இவை உருகிய இரும்புக்குள் புகுந்தால், இணைப்பு ஆறும்போது உள்ளே குமிழிகள் நின்றுவிடும். இணைப்பு நொறுங்கும் தன்மையும் பெறும். பார்ப்பதற்குத் தேன்கூடு மாதிரி இருக்கும். கையால் தட்டினாலே சில நேரம் விட்டுவிடும்.

ஆகவே, வெல்டிங் கலையின் வரலாறு என்பது பெரும்பாலும் காற்றை விலக்கி வைக்கும் வழிகளின் வரலாறுதான். 1900களின் முதற் பத்தாண்டில் சுவீடனைச் சேர்ந்த ஆஸ்கார் கெல்பெர்க் வெல்டிங் குச்சியின் மேல் ஒரு பூச்சைப் பூசினார். குச்சி எரியும்போது பூச்சும் எரிந்து, உருகிய இரும்பைப் புகையாலும் கசடாலும் மூடியது. இன்றும் நம் பட்டறைகளில் உள்ள குச்சி வெல்டிங் அதன் வாரிசுதான். பின்னால் வந்த ‘மிக்’ முறையில் குச்சிக்குப் பதிலாகக் கம்பிச் சுருள் இருக்கும். துப்பாக்கியின் விசையை அழுத்தினால் கம்பி தானாக வரும். காற்றை விலக்க, கார்பன் டை ஆக்சைடோ ஆர்கான் கலவையோ சிலிண்டரிலிருந்து குழாய் வழியாக வந்து கம்பி முனையைச் சூழும்.

இந்த இரண்டுக்கும் பிறந்த பிள்ளை என்று ஃபிளக்ஸ் கோர் கம்பியைச் சொல்லலாம். குச்சியில் வெளியே இருந்த பூச்சை இதில் கம்பிக்கு உள்ளே வைத்திருக்கிறார்கள். கம்பி பார்ப்பதற்கு வெறும் கம்பிதான். ஆனால் அது மெல்லிய குழாய். கொழுக்கட்டைக்குள் பூரணம்போல் அதற்குள் ஃபிளக்ஸ் எனப்படும் இளக்கித் தூள் அடைத்திருக்கும். அமெரிக்காவின் லிங்கன் எலக்ட்ரிக் நிறுவனம் 1958இல் ‘இன்னர்ஷீல்ட்’ என்ற பெயரில் இதைச் சந்தைக்குக் கொண்டு வந்தது. ‘உள்ளே இருக்கும் கேடயம்’ என்பது அந்தப் பெயரின் பொருள். உண்மையைச் சொல்லும் பெயர் அது. ‘கேஸ் இல்லை’ என்பது பிற்காலத்தில் விற்பனைக்கு வந்த பெயர்.

மின்வில்லில் அந்தத் தூள் என்ன ஆகிறது? ஒரு பகுதி எரிந்து ஆவியும் வாயுவுமாகி உருகிய இரும்பைச் சூழ்கிறது. அதில் உள்ள அலுமினியமும் மக்னீசியமும், மீறி உள்ளே வரும் ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் பிடித்துக் கட்டிப்போடுகின்றன. மீதி கசடாக மேலே மிதந்து, ஆறும் வரை போர்வையாக இருக்கிறது. ஆக, கேஸ் எங்கும் போய்விடவில்லை. சிலிண்டரில் இருந்த வேலை கம்பிக்குள் வந்திருக்கிறது, அவ்வளவுதான். பொதுவாகப் பயன்படும் மின்வில் முறைகளில் மிக அதிகப் புகை விடுவதும் இதுதான்.

மலைக்கு ஏன் பொருந்துகிறது?

கேமரன் மலையின் தேயிலைக்குத் தொண்ணூறு ஆண்டுகளுக்கும் மேலான வயது. ஜே.ஏ.ரஸ்ஸல் 1929இல் போ தோட்டத்தைத் தொடங்கினார். பாரத் தோட்டம் 1933இல் வந்தது. அன்றிலிருந்து தோட்டத்தில் ஒரு பழக்கம் உண்டு. உடைந்ததை எறிய மாட்டார்கள். சந்தைக்குப் போய் வாங்கி வருவதைவிட இங்கேயே சரி செய்துகொள்வது சுலபம். தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்கு ஏறக்குறைய 60 கிலோமீட்டர், அத்தனையும் வளைவு. மறுபக்கம் சிம்பாங் பூலாய் வழியாக ஈப்போவுக்கு இறங்க வேண்டும். அந்தப் பாதைகளில் காலி சிலிண்டரை ஏற்றிக்கொண்டு போய் நிரப்பி வருவது ஒரு நாள் வேலை. கம்பிச் சுருளோ ஒரு சட்டைப் பெட்டிக்குள் அடங்கும்.

இரண்டாவது, காற்று. மிக் வெல்டிங்கில் கேஸ் ஒரு மெல்லிய திரைதான். மணிக்கு 8 கிலோமீட்டருக்கு மேல் காற்று அடித்தால், கேஸ் கொண்டு செய்யும் வெல்டிங்கை மறைப்பில்லாமல் செய்யக்கூடாது என்பது அமெரிக்க வெல்டிங் சங்கத்தின் கட்டட விதி. தேயிலை மேட்டில் அந்த அளவு காற்று இல்லாத நாள் குறைவு. ஃபிளக்ஸ் கோர் கம்பியின் கேடயம் மின்வில்லுக்குள்ளேயே பிறப்பதால், சாதாரணக் காற்று அதைக் கலைப்பதில்லை. பெரிய பாலங்களிலும் கட்டடங்களிலும் உயரத்தில் நின்று வேலை செய்பவர்கள் இதை விரும்புவதும் இதனால்தான்.

மூன்றாவது, பழகுவதற்கு எளிது. வீட்டு வேலைக்கு வரும் சதுரக் குழாய்கள் பெரும்பாலும் 1.2 முதல் 2 மில்லிமீட்டர் தடிப்புதான். அதில் குச்சியை வைத்தால் பழகாத கை ஓட்டை போட்டுவிடும். 0.8 மில்லிமீட்டர் கம்பியும் குறைந்த மின்னோட்டமும் இருந்தால், இரண்டு மூன்று வார இறுதிகளில் ஒருவர் உருப்படியாக ஒட்டக் கற்றுக்கொள்ளலாம்.

நம் நிலைமைக்கே உரிய நான்காவது காரணம் ஒன்றும் உண்டு. தோட்டத்து வீடு நமக்குச் சொந்தமில்லை. நினைத்த இடத்தில் கம்பிக்கதவு வைக்க முடியாது, சுவரை இடிக்க முடியாது. நாம் செய்துகொள்ளக் கூடியவை எல்லாம் தூக்கிக்கொண்டு போகக் கூடியவை: பூச்சட்டி அடுக்கு, துணி காயப்போடும் சட்டம், தள்ளுவண்டி, கோயில் திருவிழாவுக்கு விளக்குத் தாங்கி. சின்ன இயந்திரத்தின் எல்லையும் நம் தேவையின் எல்லையும் சரியாகப் பொருந்துகின்றன.

பெட்டியில் இல்லாத பாடங்கள்

வாங்கியவர்கள் பலர், “கம்பி சரியில்லை, ஒரே தெறிப்பு” என்று குறைப்படுவதைக் கேட்டிருக்கிறேன். பெரும்பாலும் குற்றம் கம்பியில் இல்லை.

முதலில் முனையைப் பாருங்கள். கேஸ் கொண்டு செய்யும் மிக் வெல்டிங்கில் துப்பாக்கி நேர்முனையில் இருக்கும். வீட்டு இயந்திரங்களுக்கு வரும் கேஸ் இல்லாத கம்பிக்குத் துப்பாக்கி எதிர்முனையிலும், எர்த் கிளிப் நேர்முனையிலும் இருக்க வேண்டும். இரண்டையும் செய்யும் இயந்திரங்களில் இந்த இணைப்பை நாமே மாற்றிப் பூட்ட வேண்டும். மாற்றாமல் ஒட்டினால் தெறிப்பு அதிகமாகும். மேலே பார்க்க ஒட்டியதுபோல் இருக்கும், அடியில் பிடிப்பு இருக்காது.

அடுத்து, துப்பாக்கியை ஒட்டிய இடத்தின் பக்கம் சாய்த்துப் பின்னோக்கி இழுத்துச் செல்ல வேண்டும். தள்ளினால் கசடு உருகிய இரும்புக்குள் மாட்டிக்கொள்ளும். கம்பி வெளியே நீளும் அளவு 12 முதல் 20 மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும். கம்பியைத் தள்ளும் உருளையை இறுக்கிவிடாதீர்கள். உள்ளே குழாய் என்பதால் நசுங்கிவிடும்.

மூன்றாவது பாடம் மலைக்கென்றே உள்ளது. இளக்கித் தூள் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் மின்வில்லில் பிரிந்து ஹைட்ரஜன் ஆகும். ஆறிய இணைப்பின் மேல் புழு ஊர்ந்த தடம்போல் கோடுகள் தெரிந்தால் அது ஈரத்தின் வேலையாக இருக்கலாம். மூடுபனி வீட்டுக்குள்ளேயே வரும் ஊரில், சுருளை இயந்திரத்திலேயே மாதக்கணக்கில் விட்டு வைப்பது கம்பியைக் கெடுப்பதாகும். வேலை முடிந்ததும் கழற்றி, பிஸ்கட் டின் போன்ற இறுக்கமான டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிப் பொட்டலத்தோடு வையுங்கள்.

நான்காவது, மின்சாரம். நம் 13 ஆம்பியர் பிளக், 230 வோல்ட்டில் ஏறத்தாழ 3 கிலோவாட் வரைதான் தாங்கும். 100 ஆம்பியரில் 18 வோல்ட் மின்வில் என்றால் அதுவே 1.8 கிலோவாட். இயந்திரத்தின் உள் இழப்பையும் அது மின்சாரத்தை இழுக்கும் விதத்தையும் சேர்த்தால் எல்லையைத் தொட்டுவிடும். அதே பிளக்கில் தண்ணீர் கொதிக்கும் கெண்டியையும் மாட்டினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டாம். பழைய வீடுகளின் மின்கம்பி இன்னும் பலவீனம். பிளக் கையைச் சுட்டால் வேலையை நிறுத்துங்கள். நீட்டிப்புக் கம்பியைச் சுருளாக வைத்துப் பயன்படுத்தாதீர்கள், முழுவதையும் விரித்துவிடுங்கள்.

ஜெனரேட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் கணக்கு. ஏறக்குறைய 1,440 மீட்டர் உயரத்தில் உள்ள தானா ராத்தாவில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் 85 விழுக்காட்டுக்கு அருகில்தான். காற்று குறைந்தால் பெட்ரோல் இயந்திரத்தின் திறனும் குறையும். 300 மீட்டருக்கு 3 விழுக்காடு என்ற பொதுக் கணக்குப்படி, ஏழில் ஒரு பங்கு திறன் மலையேறும்போதே போய்விடும். சமவெளியில் நன்றாக ஓடிய ஜெனரேட்டர் மேலே வந்து திணறினால் இயந்திரத்தைக் குறை சொல்லாதீர்கள்.

புகையை யார் சுவாசிப்பது?

இப்போது என் காய்ச்சலுக்கு வருவோம். ஜி.ஐ. குழாய் என்பது துத்தநாகம் பூசிய இரும்பு. துத்தநாகம் 907 பாகையில் கொதித்து ஆவியாகிவிடும். இரும்பு உருகுவதற்கு அதைவிட 600 பாகைக்கும் மேல் வேண்டும். அதாவது, இரும்பு உருகும் முன்பே அதன் மேல் உள்ள துத்தநாகம் வெள்ளைப் புகையாகப் போயிருக்கும். அதைச் சுவாசித்தால் சில மணி நேரம் கழித்து வருவதுதான் உலோகப் புகைக் காய்ச்சல். வேலை செய்யும்போது ஒன்றும் தெரியாது; இரவில் தெரியும். அதனால்தான் பலரும் அதை மழைக் காய்ச்சல் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் சரியாகிவிடும். ஆனால் நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ இருந்தால் அது வேறு கதை. உடனே மருத்துவமனைக்குப் போய், வெல்டிங் செய்ததைச் சொல்ல வேண்டும்.

இந்தக் காய்ச்சலுக்கு ஆங்கிலத்தில் ‘திங்கட்கிழமைக் காய்ச்சல்’ என்றும் ஒரு பெயர் உண்டு. வாரம் முழுவதும் இந்தப் புகையில் இருக்கும் தொழிலாளியின் உடம்பு அதற்கு ஓரளவு பழகிவிடும். சனி, ஞாயிறு ஓய்வில் அந்தப் பழக்கம் விட்டுப்போகும். திங்கட்கிழமை மறுபடியும் காய்ச்சல் வரும். நம் வீட்டு வெல்டிங்காரர் ஞாயிற்றுக்கிழமை மட்டுமே வேலை செய்பவர். அவருக்கு ஒவ்வொரு ஞாயிறும் திங்கட்கிழமைதான். தொழிலாளிக்குக் காய்ச்சல் வராததால் அவர் நுரையீரல் தப்பித்தது என்றும் பொருளில்லை. பால் குடித்தால் சரியாகிவிடும் என்பது பட்டறைகளில் வழிவழியாக வரும் நம்பிக்கை. பால் வயிற்றுக்குப் போகிறது, புகை நுரையீரலுக்குப் போகிறது. இரண்டும் சந்திப்பதில்லை.

ஜி.ஐ. குழாயை ஒதுக்கிவிட்டால் போதுமா? போதாது. சாதாரண இரும்பை ஒட்டும்போதும் புகையில் மாங்கனீசு இருக்கிறது. அதை நெடுங்காலம் சுவாசித்தால் நரம்பு மண்டலம் பாதிக்கப்படலாம். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2017இல் எல்லா வெல்டிங் புகையையும் மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. அதையடுத்து பிரிட்டனின் பாதுகாப்பு ஆணையம் 2019இல், சாதாரண இரும்பானாலும் கட்டடத்துக்குள் வெல்டிங் செய்தால் புகையை உறிஞ்சி வெளியேற்றும் ஏற்பாடு வேண்டும் என்று தன் விதியை இறுக்கியது. பட்டறைத் தொழிலாளிக்கே இந்தக் கட்டுப்பாடு என்றால், சாமான் அறைக்குள் சன்னலைச் சாத்திக்கொண்டு இருப்பவருக்கு?

நம் நாட்டிலும் 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் இருக்கிறது. 2024 ஜூன் 1 முதல் அது மேலும் விரிவாக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அது வேலையிடத்துக்கான சட்டம். ஞாயிற்றுக்கிழமை தன் வீட்டில் தனக்காக ஒட்டிக்கொண்டிருப்பவரை எந்த அதிகாரியும் வந்து பார்க்கப் போவதில்லை. இங்கே நமக்கு நாமே அதிகாரி.

பாதுகாப்புக்கான வழியும் அந்த முறைக்குள்ளேயே இருக்கிறது. காற்றைத் தாங்கும் முறை இது. எனவே காற்றுள்ள இடத்தில் செய்யுங்கள். காற்று பக்கவாட்டில் வருமாறு நில்லுங்கள். முதுகுப் பக்கம் காற்று இருந்தால் புகை உங்கள் முகத்துக்கு முன்னாலேயே சுழன்று நிற்கும். தலையைப் புகைத் தூணுக்கு வெளியே வையுங்கள். வெல்டிங் முகமூடிக்கு உள்ளே, நுண்துகளைத் தடுக்கும் முகக்கவசம் அணியுங்கள். பூச்சு உள்ள குழாயானால், ஒட்டும் இடத்தில் இரு பக்கமும் சில சென்டிமீட்டர் தூரத்துக்குப் பூச்சைத் தேய்த்து எடுத்துவிடுங்கள். தேய்க்கும்போதும் முகக்கவசம் வேண்டும். வேலை முடிந்த பின் அந்த இடத்தில் துத்தநாகப் பெயிண்ட் அடித்தால் துருவும் பிடிக்காது. எண்ணெய்ப் பிசுக்கைப் போக்க, பிரேக் துடைக்கும் ஸ்பிரேயை மட்டும் பயன்படுத்தாதீர்கள். குளோரின் சேர்ந்த கரைப்பான் மின்வில்லின் புறஊதா ஒளியில் ஃபாஸ்ஜீன் என்ற கொடிய நச்சு வாயுவாக மாறக்கூடும்.

வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளைத் தூர அனுப்புங்கள். மின்வில்லைச் சில நொடி வெறுங்கண்ணால் பார்த்தாலும் இரவில் கண்ணில் மண் விழுந்ததுபோல் உறுத்தும். தீப்பொறி 35 அடி வரை போகலாம் என்பது தீயணைப்பு விதிகள் எடுத்துக்கொள்ளும் கணக்கு. அந்த வட்டத்துக்குள் சமையல் கேஸ் சிலிண்டரோ, பலகைச் சுவரோ, காயப்போட்ட துணியோ இருக்கக் கூடாது. சாமான் அறையில் இவற்றில் எது இல்லை?

ஒட்டக் கூடாத இடங்கள்

இயந்திரம் கைக்குப் பழகியதும் எதையும் ஒட்டலாம் என்ற துணிவு வந்துவிடும். அங்கே ஒரு கோடு போட்டுக்கொள்வது நல்லது. ஒட்டியது விட்டுப்போனால் பூச்சட்டி விழும் என்றால் ஒட்டுங்கள். மனிதர் விழுவார் என்றால் ஒட்டாதீர்கள். தலைக்கு மேல் நிற்கும் தண்ணீர்த் தொட்டித் தாங்கி, மாடிக் கைப்பிடி, லாரியின் அடிச்சட்டம், பாரம் இழுக்கும் கொக்கி ஆகியவை தேர்ச்சி பெற்றவரின் வேலை. பெட்ரோல் டாங்கியையும் பழைய எண்ணெய் டிரம்மையும் யாருமே வீட்டில் தொடக்கூடாது. காலியாகத் தெரிவதில்தான் ஆவி நிறைந்திருக்கும்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 1994 ஜனவரி 17 அன்று அமெரிக்காவின் நார்த்ரிட்ஜ் பகுதியில் 6.7 அளவில் நிலநடுக்கம் ஏற்பட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட இரும்புச் சட்டகக் கட்டடங்களில் தூணும் உத்தரமும் சேரும் வெல்டிங் இணைப்புகளில் விரிசல் கண்டுபிடிக்கப்பட்டது. அவற்றில் பெரும்பாலும் பயன்பட்டது கேஸ் இல்லாத ஃபிளக்ஸ் கோர் கம்பி. இணைப்பின் வடிவமைப்பிலும் வேலையின் தரத்திலும் குறை இருந்தது. ஆனால் அந்த வகைக் கம்பி தந்த இணைப்பு, திடீர் அதிர்ச்சியைத் தாங்கும் இழுபடும் தன்மை குறைந்தது என்பதும் தெரிய வந்தது. அதன் பிறகு விதிகள் மாறின, கம்பிகளும் மாறின. பயிற்சி பெற்ற வெல்டர்கள், பொறியாளர்கள், மேற்பார்வையாளர்கள் எல்லாரும் இருந்த இடத்திலேயே இப்படி நடந்தது.

வீட்டுக்கு வாங்கும் கம்பியிலும் வேறுபாடு உண்டு. சுருளின் மேல் ‘இ71டி-ஜிஎஸ்’ என்று இருந்தால் அது ஒரே ஓட்டத்தில் முடிக்கும் மெல்லிய வேலைக்கு மட்டும். அதன் மேல் இன்னொரு அடுக்கு போட்டால் இணைப்பு வலுக்காது, விரிசல்தான் விடும். ‘இ71டி-11’ என்று இருந்தால் அடுக்கடுக்காகப் போடலாம். அதற்கும் தடிப்பில் வரம்பு உண்டு. இரண்டிலும் 7 என்பது சதுர அங்குலத்துக்கு 70,000 பவுண்டு இழுவலிமையைக் குறிக்கிறது. எழுத்து ஒன்றுபோல் இருப்பதால் இரண்டும் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது.

கூரை போதும், சுவர் வேண்டாம்

இவ்வளவு ஆபத்து இருந்தால் இதை விட்டுவிட்டு ரிங்லெட்டிலோ பிரிஞ்சாங்கிலோ ஒரு பட்டறையில் கொடுத்துச் செய்துகொள்ளலாமே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் ஒரு தள்ளுவண்டிச் சக்கரம் கழன்றால் அதற்காகப் பட்டறை ஒரு வாரம் காத்திருக்கச் சொல்லும். கூலி வண்டியின் விலைக்கு அருகில் வரும். கடைசியில் வண்டி குப்பைக்குப் போகும். தன் கையால் சரி செய்யும் பழக்கம் தோட்டத்தில் குறைந்து வருகிறது. அது திரும்ப வர இந்தச் சின்ன இயந்திரம் ஒரு வழி. அந்த வழியைப் பயத்தால் அடைக்க எனக்கு மனமில்லை. அறியாமையால் அதில் விழவும் மனமில்லை.

ஆகவே நான் கேட்பது மூன்று.

ஒன்று, விற்பவர்கள் ‘கேஸ் இல்லை’ என்ற எழுத்துக்குப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில், ‘புகை உண்டு, வெளியில் பயன்படுத்தவும்’ என்று மலாயிலும் தமிழிலும் அச்சிட வேண்டும். துப்பாக்கியின் முனையை எப்படி மாற்றுவது என்பதற்கு ஒரு படம் போதும்.

இரண்டு, அரை நாள் வகுப்பு. திருச்சியில் பெல் நிறுவன வளாகத்துக்குள் வெல்டிங்குக்கென்றே ஓர் ஆய்வு நிலையம் 1975 முதல் இயங்குகிறது. வெல்டிங் என்பது கண் பார்த்ததைக் கை செய்யும் வேலை மட்டும் அல்ல, அதற்குப் பின்னால் ஓர் அறிவியல் இருக்கிறது என்பதற்கு அது சாட்சி. நமக்கு அவ்வளவு பெரிய நிலையம் வேண்டாம். தோட்டத்தில் ஓய்வு பெற்ற ஃபிட்டர்கள் இருக்கிறார்கள். ஈப்போவிலும் சிங்கப்பூரிலும் வெல்டராக வேலை செய்துவிட்டுத் தீபாவளிக்கு ஊர் வரும் இளைஞர்கள் இருக்கிறார்கள். கோயில் குழுவோ இளைஞர் மன்றமோ அவர்களைக் கூப்பிட்டு, கோயில் வளாகத்தில் ஒரு சனிக்கிழமை காலை இதைச் சொல்லித்தர வைக்கலாம்.

மூன்றாவதுதான் முக்கியம். நம்மை அறைக்குள் தள்ளுவது சோம்பல் அல்ல, மழை. 1978 பிப்ரவரி 1 அன்று 7.8 பாகை வரை குளிர்ந்த ஊர் இது. “வெளியில் செய்” என்று கட்டுரை எழுதுவது எனக்குச் சுலபம். மழையில் மின்சார இயந்திரத்தோடு வெளியே நிற்பது இன்னொரு ஆபத்து. ஈரக் கையுறையும் ஈரத் தரையும் மின்சாரத்துக்கு வழி விடும். எனவே ஒவ்வொரு தோட்டத்திலும் குடியிருப்புக்குச் சற்றுத் தள்ளி ஒரு கொட்டகை வேண்டும். நான்கு தூண், மேலே தகரம், கீழே காய்ந்த சிமெண்டுத் தரை, கசிவு கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியோடு ஒரு தனி பிளக், ஒரு வாளி மணல், ஒரு தீயணைப்பான். சுவர் மட்டும் வேண்டாம். நிர்வாகம் இடம் கொடுத்தால் கொட்டகையைப் போட நம் பிள்ளைகளுக்கே தெரியும். அதுவே அவர்களுடைய முதல் பாடமாகவும் இருக்கட்டும். தூணை மட்டும் தேர்ந்தவர் ஒருவர் ஒட்டட்டும்.

அம்மாவின் பூச்சட்டி அடுக்கு இன்னும் வாசலில் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுத் தங்களுக்கும் ஒன்று வேண்டும் என்று இரண்டு வீட்டில் கேட்டார்கள். அவற்றைப் பூச்சில்லாத குழாயில், மழை விட்ட ஒரு காலையில், மாமாவின் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் திறந்த தாழ்வாரத்தில் செய்தேன். மாமா ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு, புகை போகும் திசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அன்று இரவு எனக்குக் காய்ச்சல் வரவில்லை.